நடுக்கடலில் நோய் கண்டால்: சொகுசுக் கப்பலில் செல்வோர் அறிய வேண்டியவை

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர், அங்கிருந்து சில நாட்கள் சொகுசுக் கப்பலில் சுற்றி வருவது இப்போது வழக்கமாகி வருகிறது. அண்மையில் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்த 68 வயதுப் பெரியவர் ஒருவருக்கும் அத்தகைய வாய்ப்பு அமைந்திருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர். சியாட்டில் நகரில் உள்ள அவருடைய மகன் அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

"கப்பலிலேயே டாக்டர் இருக்கிறாராம். இன்சூரன்ஸும் எடுத்தாயிற்று. ஸ்டென்ட் வைத்ததை மட்டும் படிவத்தில் எழுதவில்லை, எழுதினால் பிரீமியம் கூடுமாம்" என்றார் அவர். அவருக்கு நாங்கள் கூறிய விளக்கம் பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

கப்பல் மருத்துவமனையின் எல்லை

பெரிய சொகுசுக் கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் இரவு பகலாகப் பணியில் இருப்பர். இ.சி.ஜி., எக்ஸ்ரே, அடிப்படை இரத்தப் பரிசோதனைகள், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி, வென்டிலேட்டர் ஆகியவை இருக்கும். ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் வசதியும், பெரிய அறுவை சிகிச்சைக்கான அரங்கும், இரத்த வங்கியும் அங்கு இருப்பதில்லை. சி.டி. ஸ்கேன் கருவியும் பொதுவாக இராது.

பக்கவாதம் வந்தவருக்கு இது பெரும் குறையாகும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தோன்றியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ஆனால் மூளையில் இருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அம்மருந்தைத் தர இயலாது. கசிவாக இருந்தால் மருந்தே உயிருக்கு ஆபத்தாகும். மாரடைப்பில் நிலைமை சற்று மேல். கட்டியைக் கரைக்கும் ஊசியைக் கப்பலிலேயே போடலாம். எனினும், அதன் பின் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் வசதியுள்ள மருத்துவமனையை அடைவது நல்லது. ஆகவே இவ்விரு நோய்களிலும் கரையை அடைவது சிகிச்சையின் ஒரு பகுதியே.

கரை சேரும் வழி

ஹெலிகாப்டர் உடனே வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் கப்பல் தன் வேகத்தைக் கூட்டி அடுத்த துறைமுகத்துக்கோ, வழியை மாற்றி அருகிலுள்ள துறைமுகத்துக்கோ செல்கிறது. மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கப்பல் 300 கிலோமீட்டரைக் கடக்க எட்டு மணி நேரம் ஆகும். கரைக்கு அருகில் இருந்தால் மீட்புப் படகு வந்து நோயாளியை ஏற்றிச் செல்லும்.

ஹெலிகாப்டருக்கும் எல்லை உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஜேஹாக் ஹெலிகாப்டர், கரையிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர் வரை சென்று, 45 நிமிடங்கள் மீட்பில் ஈடுபட்டுத் திரும்ப வல்லது. அதற்கு அப்பால் கப்பல்தான் கரையை நோக்கி வர வேண்டும். கப்பலில் இறங்க இடம் இல்லாதபோது, நோயாளியைக் கூடையிலோ ஸ்ட்ரெச்சரிலோ கிடத்திக் கம்பிவடத்தால் மேலே தூக்குவர். பலத்த காற்றிலும் இருளிலும் அதுவே ஓர் ஆபத்து. எனவே கப்பல் மருத்துவர், கப்பல் தலைவர், காவல்படை ஆகியோர் கலந்து பேசியே முடிவெடுப்பர். குடும்பத்தார் கேட்டுக்கொள்வதனால் மட்டும் ஹெலிகாப்டர் வருவதில்லை.

செலவு தொடங்கும் இடம்

அமெரிக்கக் கடலோரக் காவல்படை உயிர்மீட்புக்குக் கட்டணம் பெறுவதில்லை. ஆனால் கப்பல் மருத்துவமனையின் கட்டணம் அறைக் கணக்கில் சேர்ந்துவிடும். அதை முதலில் நாமே செலுத்திப் பின்னர் காப்பீட்டில் கோர வேண்டியிருக்கும். கரை சேர்ந்த பின் மருத்துவமனைச் செலவும் ஆம்புலன்ஸ் விமானச் செலவும் தொடரும்.

அலாஸ்காவின் ஜூனோ நகரையே எடுத்துக்கொள்வோம். சொகுசுக் கப்பல்கள் வழக்கமாக நிற்கும் துறைமுகம் அது. வெளியூர்களிலிருந்து அந்நகருக்குச் சாலைத் தொடர்பே கிடையாது. கடல்வழியாகவோ வான்வழியாகவோதான் செல்ல முடியும். அங்கு மருத்துவமனை உண்டு. ஆனால் சிக்கலான இதய சிகிச்சை தேவைப்படுவோரை அங்கிருந்து ஆங்கரேஜுக்கோ, சுமார் 1,450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சியாட்டிலுக்கோ விமானத்தில் அனுப்ப வேண்டும். கப்பலிலிருந்து இறக்குவது ஒரு கட்டம், உயர்சிகிச்சைக்கு மாற்றுவது மற்றொரு கட்டம், உடல் தேறியபின் தாயகம் திரும்புவது மூன்றாவது கட்டம். மூன்றும் பாலிசியில் அடங்குமா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது கட்டத்தைப் பலர் நினைப்பதில்லை. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரத்தில் இருப்பதற்கு ஒப்பானது. ஆக்சிஜன் குறைவதால், மாரடைப்பிலிருந்து அப்போதுதான் மீண்டவர் மருத்துவச் சான்று இன்றிப் பறக்க இயலாது. சிலருக்குச் செவிலியர் துணையும் படுத்துச் செல்லும் வசதியும் தேவைப்படும்.

மறைத்த நோயும் மறுக்கப்படும் கோரிக்கையும்

உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பொதுவாக இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். பயணக் காப்பீடுகள் பலவற்றில், முன்பே இருந்த நோயால் வரும் செலவு விலக்கப்பட்டிருக்கும். அல்லது உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும், குறைந்த தொகைக்கு உட்பட்டு ஏற்கப்படும். ஸ்டென்ட் வைத்ததை மறைத்தவருக்கு மாரடைப்பு வந்தால், நிறுவனம் பழைய மருத்துவ ஆவணங்களைக் கேட்கும். அப்போது கோரிக்கை முழுவதும் மறுக்கப்பட இடமுண்டு. சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்தை மிச்சப்படுத்த முயன்று, பல இலட்சம் ரூபாய்க் கடனைப் பிள்ளைகள் மேல் ஏற்றுவதாக அது முடியலாம்.

புறப்படும் முன்

1. பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே உங்கள் மருத்துவரைக் காணுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் புதிதாகத் தோன்றியிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

2. நோய்கள், அறுவை சிகிச்சைகள், மருந்துகள் அனைத்தையும் காப்பீட்டுப் படிவத்தில் எழுதுங்கள்.

3. கப்பல் பயணம், கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாடு, கடலிலிருந்து கரைக்கு மாற்றுதல், தாயகம் திரும்புதல் ஆகியவை பாலிசியில் உள்ளனவா என எழுத்து மூலம் கேட்டறியுங்கள். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா செல்லும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியா துறைமுகத்திலும் நிற்பது வழக்கம். அமெரிக்காவுக்கு மட்டுமான பாலிசி அங்கே பயன்படாமல் போகலாம்.

4. ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்குக் கேட்கப்படும் 30,000 யூரோ காப்பீடு குறைந்தபட்ச அளவே. உங்கள் நோய்நிலைக்கு அது போதுமா என எண்ணிப் பாருங்கள்.

5. காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணைக் குடும்பத்தார் இருவரிடமாவது கொடுத்துவையுங்கள். முன் அனுமதி இன்றி அமர்த்திய ஆம்புலன்ஸ் விமானத்துக்குப் பணம் கிடைப்பது அரிது.

6. மருந்துகளைப் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். கடைசியாக எடுத்த இ.சி.ஜி., ஸ்டென்ட் அட்டை, மருந்துப் பட்டியல் ஆகியவற்றின் நகல்களும் உடனிருக்கட்டும்.

அந்தப் பெரியவர் படிவத்தைத் திருத்தி எழுதினார். பிரீமியம் கூடியது. டிரெட்மில் பரிசோதனை செய்து, உடல்நிலை சீராக இருப்பதை உறுதி செய்த பின் அவரை அனுப்பிவைத்தோம். பயணம் நலமாக முடிந்தது. அந்தக் காப்பீட்டைப் பயன்படுத்தும் நிலை அவருக்கு வரவில்லை. நீங்களும் இத்தகைய பயணத்துக்குத் திட்டமிட்டிருந்தால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே உங்கள் பாலிசியுடனும் மருத்துவக் கோப்புடனும் எங்களை வந்து காணுங்கள்.