இரு தேசங்களின் பிரஜைகள்

1906-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிலிப்பைன்ஸ் தேசத்து லூசோன் தீவின் வடபகுதியிலுள்ள இலோகோஸ் பிரதேசத்திலிருந்து புறப்பட்ட 15 தொழிலாளர்கள், ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஹோனலூலு துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அன்று தொடங்கிய பிரயாணம் இன்றுவரை ஓயவில்லை. கலிபோர்னியாவின் வயல்களுக்கும், நியூயார்க்கின் ஆஸ்பத்திரிகளுக்கும், அரேபிய நாடுகளின் கட்டட வேலைகளுக்கும், உலகத்துச் சமுத்திரங்களிலெல்லாம் ஓடும் கப்பல்களுக்கும் பிலிப்பைன்ஸ் தேசம் தன் மக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் தாயகத்துக்கு அனுப்பும் பணமோ ஆண்டுக்கு 3,000 கோடி டாலரையும் தாண்டி, அந்தத் தேசத்தின் பொருளாதாரத்தைத் தாங்கும் பெருந்தூண்களுள் ஒன்றாக நிற்கிறது.

இவ்வாறு சென்றவர்களில், அரேபிய நாடுகளில் உழைப்பவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டியவர்களே. ஆனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் குடியேறியவர்களின் நிலைமை வேறு. நிரந்தரமான உத்தியோகத்தை நாடியும், பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் தம்மிடம் வரவழைத்துக்கொள்ளும் பொருட்டும், நோய் வந்தபோது அரசாங்க வைத்திய வசதியைப் பெறும் பொருட்டும், அவர்களில் பலர் அந்நாடுகளின் பிரஜைகளாயினர். அவ்விதம் ஆன கணத்திலேயே, 1936-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்படி, பிறந்த தேசத்தின் பிரஜாவுரிமையை அவர்கள் இழந்தனர். தாய் தந்தையர் வாழ்ந்த கிராமத்துக்கே அவர்கள் அந்நியராக வந்துபோகும்படி ஆயிற்று.

நிலத்தின் விஷயத்தில் இந்த இழப்பு மிகவும் உறைத்தது. நிலம் பிலிப்பைன்ஸ் பிரஜைகளுக்கே உரியது என்று அந்நாட்டு அரசியல் சாசனம் விதிக்கிறது. பிறப்பால் பிரஜையாக இருந்து பின்னர் அவ்வுரிமையை இழந்தவர், குடியிருப்பதற்கென நகரத்தில் 1,000 சதுர மீட்டரும் கிராமத்தில் ஒரு ஹெக்டேரும் மட்டுமே வாங்கலாம். தொழில் நடத்துவதற்கானால் நகரத்தில் 5,000 சதுர மீட்டரும் கிராமத்தில் மூன்று ஹெக்டேரும் எல்லை. அந்நிய நாட்டில் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளைச் சொந்த மண்ணில் போட எண்ணியவருக்கு, அந்த மண்ணே அளந்து கொடுக்கப்பட்டது.

இந்தக் குறையைத் தீர்க்க 2003-ஆம் ஆண்டில் குடியரசுச் சட்டம் 9225 பிறந்தது. ஜனாதிபதி குளோரியா மக்கபகல் அர்ரோயோ ஆகஸ்டு மாதத்தில் கையொப்பமிட்ட அச்சட்டம், செப்டம்பர் 17-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பிறப்பால் பிலிப்பைன்ஸ் பிரஜையாக இருந்து வேறொரு தேசத்தின் பிரஜையானவர் எவரும், மணிலாவின் குடிவரவு அலுவலகத்திலோ, தாம் வசிக்கும் நாட்டிலுள்ள பிலிப்பைன்ஸ் தூதரகத்திலோ, பிறப்புச் சான்றிதழ் முதலிய ஆவணங்களைக் காட்டி, குடியரசுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியப்பிரமாணம் செய்தால் போதும். புதிய தேசத்தின் பிரஜாவுரிமையைத் துறக்காமலே இழந்த உரிமை மீளும். 18 வயதுக்குட்பட்ட, விவாகமாகாத பிள்ளைகளும், தத்துப் பிள்ளைகள் உட்பட, பெற்றோரின் சத்தியத்தாலேயே பிரஜைகளாகின்றனர். கணவனோ மனைவியோ அயல்நாட்டவராயின், அவருக்கு இப்பயன் இல்லை.

உரிமை மீண்டவருக்கு நிலத்தின் எல்லைகள் நீங்குகின்றன. விசாவின்றி வரலாம், வேண்டியமட்டும் தங்கலாம், தொழில் நடத்தலாம். வைத்தியம், பொறியியல் போன்ற துறைகளில் அனுமதி பெற்று மீண்டும் பணிபுரியலாம். இதற்கு உருக்கமான உதாரணம் ஒன்று நீதிமன்ற ஏடுகளில் இருக்கிறது. 1960-இல் வக்கீலாகப் பதிவு பெற்ற ஒருவர், 1998-இல் நோயின் காரணமாகக் கனடாவுக்குச் சென்று, அங்குள்ள இலவச வைத்திய வசதியைப் பெறுவதற்காகவே 2004-இல் அந்நாட்டுப் பிரஜையானார். 2006-இல் சத்தியம் செய்து தாய்நாட்டுப் பிரஜாவுரிமையை மீட்டார். மறுபடியும் வக்கீல் தொழில் நடத்த அவர் வேண்டியபோது, 2007-இல் சுப்ரீம் கோர்ட்டு இசைந்தது. ஆனால் நிலுவைச் சந்தாவைச் செலுத்தி, தொழில் வரியைக் கட்டி, 36 மணி நேரச் சட்டப் பயிற்சியை முடித்து, வக்கீலுக்குரிய பிரதிக்ஞையைப் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் இசைந்தது. உரிமையைத் திருப்பித் தரும் தேசம் அதற்குரிய கடமையையும் கூடவே தருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

ஒருவனுக்கு இரண்டு தேசங்கள் இருக்கலாமா என்ற ஆட்சேபம் எழாமலில்லை. இரட்டை விசுவாசம் தேச நலனுக்குப் பாதகமானது என்று 1987-ஆம் ஆண்டின் அரசியல் சாசனமே கூறுகிறது. ஆயினும், சான்பிரான்சிஸ்கோவில் பிலிப்பைன்ஸ் தம்பதிக்குப் பிறந்து மக்காத்தி நகரத்தின் உதவி மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நுட்பமான பேதத்தை நிலைநாட்டியது. இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒருங்கே ஒருவரைத் தம் பிரஜையென்று கொள்வதால் நேர்வது இரட்டைப் பிரஜாவுரிமை. இரண்டு அரசுகளுக்கும் ஒருவர் தாமே மனமுவந்து விசுவாசம் செலுத்துவது இரட்டை விசுவாசம். முன்னது குற்றமன்று என்பதே அதன் சாரம். 2003-ஆம் ஆண்டின் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் 2007-இல் தள்ளுபடியாயிற்று.

எனினும், ஆளும் பொறுப்பை விரும்புகிறவரிடம் சட்டம் கண்டிப்பாகவே நடந்துகொள்கிறது. அச்சட்டத்தின்படி உரிமையை மீட்டு, தேர்தலில் நிற்க விரும்பும் இரட்டைப் பிரஜை, அந்நிய நாட்டுப் பிரஜாவுரிமையைத் தாமே நேரில் சத்தியம் செய்து துறந்தாக வேண்டும். துறந்தபின் பழைய பாஸ்போர்ட்டையும் தொடக்கூடாது. வடக்கு லானாவோ மாகாணத்தின் கவுஸ்வகன் நகரில் 2010-இல் மேயராக வென்ற ஒருவர், அமெரிக்கப் பிரஜாவுரிமையைத் துறந்த பிறகும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டிலேயே பிரயாணம் செய்தார் என்ற காரணத்தால், 2013-இல் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பால் பதவியை இழந்தார். மக்கள் அளித்த வாக்குகள் அவரைக் காக்கவில்லை. சத்தியத்தை நடத்தையால் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் போதனை.

பதவியை நாடாத சாதாரண மனிதருக்கும் பொறுப்புகள் உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் பிலிப்பைன்ஸ் பிரஜை, தாய்நாட்டில் கிடைக்கும் வருமானத்துக்கு மட்டும் அங்கே வரி செலுத்தினால் போதும். ஆனால் திரும்பி வந்து நிலையாகக் குடியிருக்கத் தொடங்கினால், உலகில் எங்கே கிடைத்த வருமானமும் கணக்கில் சேரும். அமெரிக்காவோ தன் பிரஜை எங்கு வாழ்ந்தாலும் வருமானக் கணக்கைக் கேட்கிறது. பிற நாட்டு வங்கிகளில் அவர் வைத்திருக்கும் தொகை மொத்தம் 10,000 டாலரைக் கடந்தால், அதையும் தெரிவிக்க வேண்டும். விவாகம், குடும்பம் பற்றிய விஷயங்களில், பிலிப்பைன்ஸ் பிரஜையை அவர் எங்கிருந்தாலும் அந்நாட்டுச் சட்டம் தொடர்கிறது. முஸ்லிம்கள் நீங்கலாக ஏனையோருக்கு விவாகரத்தை அனுமதியாத தேசம் அது என்பதைச் சத்தியம் செய்யுமுன் நினைவில் கொள்ள வேண்டும். புகுந்த நாடு இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடங்கொடுக்கிறதா என்பதையும் விசாரித்தறிதல் அவசியம். சிங்கப்பூர் போன்ற நாடுகள் இரட்டைப் பிரஜாவுரிமையை ஒப்புக்கொள்வதில்லை.

இவை எல்லாவற்றினும் மேலான பொறுப்பு வாக்குரிமை. தாய்நாட்டில் குடியிருக்காத இரட்டைப் பிரஜைகளும் வாக்களிக்கலாம் என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தூதரகத்தில் பதிவு செய்துகொண்டவர், ஜனாதிபதியையும் உபஜனாதிபதியையும் செனட்டர்களையும் தேர்ந்தெடுப்பதில் பங்கு பெறலாம். ஆயினும் 2016, 2022-ஆம் ஆண்டுகளின் ஜனாதிபதித் தேர்தல்களில், வெளிநாடுகளில் பதிவு பெற்றிருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தனர். தூதரகத்தின் தொலைவும், ஓய்வில்லாத வேலையும் காரணங்களாக இருக்கலாம். எனினும் மனத்தை வருத்தும் செய்தி இது.

நிலம் வாங்குவதற்கும் விசாவைத் தவிர்ப்பதற்கும் மட்டும் ஒருவர் சத்தியம் செய்வாராயின், அவர் பெற்றது ஒரு சலுகைச் சீட்டேயன்றிப் பிரஜாவுரிமை அன்று. அரசியல் சாசனத்தைக் காப்பேன், சட்டங்களுக்குப் பணிவேன் என்று மனச்சாட்சி அறிய உரைத்த வாக்கு, தாயகத்தின் நல்லாட்சியில் அக்கறை கொள்ளும்படி அவரைப் பிணிக்கிறது. பணம் அனுப்பிய கைகளால் வாக்குச் சீட்டையும் அவர்கள் நிரப்பட்டும். அயலகத்தில் கற்ற தொழிலையும் ஒழுங்கையும் தம் மக்களோடு பகிர்ந்துகொள்ளட்டும். பிரிந்து சென்ற மக்களைத் தன் பிரஜைகளாக மீண்டும் ஏற்றுக்கொண்ட தேசத்துக்கு அவர்கள் செலுத்த வேண்டிய கடன் அதுவே.