ஆறு அங்குல மெஷின் பன்னிரண்டு அங்குலம் அறுக்குமா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக் கொண்டிருந்தபோது, எருக்கஞ்சேரிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் நம்மிடம் வந்தார். கடைக்கு ரேக் அடிக்க ஆசாரி கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமல், சின்ன பேண்ட்சா மெஷின் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். இப்போது மைத்துனரோடு சேர்ந்து ரேக், கல்லாப் பெட்டி, அரிசிப் பெட்டி எல்லாம் செய்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் கொடுக்கிறார். "அண்ணாச்சி, மெஷின் ஆறு அங்குலம்தான் அறுக்குது. நடுவுல ஒரு பிளாக் வெச்சா பன்னிரண்டு அங்குலம் அறுக்குமாமே, வெச்சிடலாமா?" என்றார்.

நாம் கொடுங்கையூரில் துறைமுகத்துப் பாக்கிங் மரத்தை மொத்தமாக வாங்கி விற்பவர்கள். இதே பிளாக்கை வைத்துக் கையைச் சுட்டுக் கொண்டவர்களும் கூட. ஆகவே பக்கத்தில் இருந்தவர்கள், இதை நமது இதழிலேயே எழுதிவிடுங்கள் என்றார்கள்.

பேண்ட்சா என்பது மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி நாடா போல ஓடும் ரம்ப பிளேடு. கடைக்காரர் "14 அங்குல மெஷின்" என்று சொன்னால் அது சக்கரத்தின் விட்டம். மரத்தின் உயரம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு. இந்த வகை மெஷினை அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து டெல்டா கம்பெனி 1930களில் கொண்டு வந்தது. பிறகு தைவான்காரர்கள் அதே அச்சில் செய்து உலகமெங்கும் விற்றார்கள். இதில் மேஜைக்கு மேல் சுமார் 6 அங்குலம்தான் மரம் போகும். மெஷினின் உடம்பு மேல் கை, கீழ் உடம்பு என்று இரண்டு வார்ப்பிரும்புத் துண்டாக இருந்து, நடுவே ஒரு பெரிய போல்ட் பிடித்திருக்கும். அந்த இணைப்பில் 6 அங்குல வார்ப்புக் கட்டையைச் செருகி, நீளமான போல்ட் போட்டு முடுக்குவதைத்தான் ரைசர் பிளாக் என்கிறார்கள். தகட்டை வளைத்து ஒரே உடம்பாக வெல்டிங் செய்த மெஷினுக்கு இது ஆகவே ஆகாது. உங்கள் மெஷின் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்.

துறைமுகத்திலிருந்து வரும் மெஷினரிப் பெட்டிகளில் 8, 10 அங்குல அகலப் பலகைகள் நல்ல பைன் மரத்தில் வரும். இரண்டு அங்குலக் கனம் உள்ள பலகையைக் கனத்தில் இரண்டாகப் பிளந்தால் ரேக்குக்கு இரண்டு பலகை கிடைக்கும். வட்ட ரம்பத்தில் பிளந்தால் ஒவ்வொரு அறுப்புக்கும் சுமார் 3 மில்லிமீட்டர் தூளாகப் போகும். மெல்லிய பேண்ட்சா பிளேடில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டரோடு நிற்கும். ஆனால் பலகையை நிமிர்த்தி வைத்து அறுப்பதால் 10 அங்குலப் பலகை 6 அங்குல இடைவெளியில் நுழையாது. மாதவரம் பக்கத்து மில்லுக்கு அனுப்பி, அறுப்புக் கூலி, வண்டி வாடகை, இரண்டு நாள் காத்திருப்பு என்று கொடுத்து வந்தோம். பிளாக் யோசனை அப்படித்தான் வந்தது.

பிளாக்கின் விலையைக் கேட்டதும் மலிவாகத் தோன்றும். அதோடு முடிவதில்லை என்பதுதான் விஷயம். பிளேடு ஏறுவதும் இறங்குவதுமாக இரண்டு பக்கம் ஓடுவதால், 6 அங்குலம் உயர்த்தினால் பிளேடு 12 அங்குலம் கூட வேண்டும். 93½ அங்குல பிளேடு போட்ட மெஷினுக்கு இனி 105 அங்குல பிளேடு. மீதி அரை அங்குலத்தை மேல் சக்கரத்தை ஏற்றி இறக்கும் திருகு சரிக்கட்டிவிடும். கையிருப்பில் உள்ள பழைய பிளேடு அத்தனையும் வீண். பிளேடைப் பிடிக்கும் கைடு கம்பியும் முன்பின் தகட்டு மூடிகளும் நீளமானதாக மாற வேண்டும். அரைக் குதிரை மோட்டார் 10 அங்குலப் பைனில் மூச்சுத் திணறும். 1 அல்லது 1½ குதிரை வேண்டும். அப்படி மாற்றினால் மின்வாரியத்தில் வாங்கியிருக்கும் லோடு தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

நாம் செய்த தவறு இரண்டு. வெளியூரிலிருந்து செட்டாக வரவழைக்காமல், பணம் மிச்சம் என்று அக்கம்பக்கத்து லேத்துப் பட்டறை ஒன்றில் பிளாக்கைச் செய்யக் கொடுத்தோம். மேல் முகமும் கீழ் முகமும் இணையாக இல்லை. 100 மில்லிமீட்டர் அகல முகத்தில் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால், அங்கிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ள மேல் சக்கரம் 2 மில்லிமீட்டர் விலகி நிற்கும். பிளேடு நாளுக்கு நாலு தடவை கழன்று விழுந்தது. பட்டறைக்காரரிடம் கேட்டால் மெஷின்தான் சரியில்லை என்றார். கடைசியில் அதை எடைக்குப் போட்டுவிட்டு, மெஷினின் அச்சுக்கே உரிய செட்டை வாங்கினோம்.

இரண்டாவது தவறு பெரியது. முதல் பிளாக்கோடு நீள மூடி கிடையாது. பழைய மூடியையே மாட்டி வேலையை ஓட்டச் சொன்னோம். ஆறு அங்குல நீளத்துக்கு ஓடும் பிளேடு திறந்து கிடந்தது. நம்மிடம் வேலை செய்த பையன் தூளைத் தட்டிவிடக் கையை நீட்டினான். இரண்டு விரலில் தையல். விரல் பிழைத்தது ஆண்டவன் புண்ணியம். வைத்தியச் செலவும் சம்பளமும் கொடுத்தோம் என்றாலும் அவன் அம்மா வந்து நின்ற முகத்தை மறக்க முடியவில்லை. தப்பு நம்முடையதுதான், மூடி வரும்வரை மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும்.

மாட்டும் முறை கடினமல்ல, அவசரம்தான் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைத் தளர்த்திக் கழற்றுங்கள். மேல் கை நல்ல கனம்; இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சேரும் முகங்களில் பெயிண்ட் கட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள், ஒரு துளி பெயிண்டும் சாய்வு கொடுக்கும். இருப்பிடம் காட்டும் இரண்டு பின்களும் சரியாக உட்கார்ந்த பிறகே போல்ட்டை முடுக்குங்கள். புது பிளேடை மாட்டி இழுவை கொடுத்த பின், நேரான நீளச் சட்டம் ஒன்றை இரண்டு சக்கரங்களின் விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். நாலு இடத்திலும் தொட வேண்டும். தொடாவிட்டால் சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய வாஷர் கொடுத்துச் சரிசெய்யலாம். சக்கரத்தைக் கையால் பல சுற்று சுற்றி, பிளேடு ஒரே இடத்தில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்ட்.

உயர மரத்துக்கு அரை அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடு வேண்டும். பல் நெருக்கமாக இருந்தால் தூள் அடைத்துச் சூடேறி, பலகை நடுவில் வயிறு தள்ளியது போல வளைந்து வரும். மழுங்கிய பிளேடும் இதே வேலையைச் செய்யும். கைடை மரத்துக்கு மேல் கால் அங்குலத்தில் நிறுத்துங்கள். உயரமாக விட்டு அறுப்பது பிளேடுக்கும் கேடு, விரலுக்கும் கேடு.

பாக்கிங் மரம் வாங்கும் மளிகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2002ல் வந்த சர்வதேச விதிப்படி ஏற்றுமதிப் பெட்டி மரத்தில் முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு விஷப்புகை போட்டது. அரிசி, பருப்பு வைக்கும் பெட்டிக்கு எம்.பி. மரத்தைத் தொடாதீர்கள். அறுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டி ஆணி தேடுங்கள். ஒரு ஆணி ஒரு பிளேடைத் தின்னும். மரத்தூள் பறக்கும் இடத்தில் மளிகைச் சரக்கு அடுக்கக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

அனுமதி விஷயமும் உண்டு. கோதாவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து மரம் அறுக்கும் மில்கள் மீது பிடி இறுகியது. 2016ல் மத்திய அரசும் நெறிமுறைகள் வெளியிட்டது. உங்கள் மெஷினுக்கு என்ன தேவை என்பதை வனத்துறையில் எழுத்து மூலம் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

எருக்கஞ்சேரி உறுப்பினருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: ஒரு மாதம் நோட்டுப் போட்டு, 6 அங்குலத்துக்கு மேல் எத்தனை பலகை வந்தது என்று எழுதுங்கள். அவர் எழுதிக் கொண்டு வந்தார். நாலில் ஒன்று கூட இல்லை. பிளாக் வாங்கவில்லை, அகலப் பலகைகளை மட்டும் சேர்த்து வைத்து மாதம் ஒரு முறை நம்மிடம் கொண்டு வருகிறார். நம் மெஷின் இப்போது 10 அங்குலம் வரை ஒழுங்காக அறுக்கிறது. அதற்கு மேல் உள்ளதை நாமும் மில்லுக்குத்தான் அனுப்புகிறோம். பார்க்க விரும்புவோர் கொடுங்கையூர் கோடவுனுக்கு வரலாம், சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கூலிப் பட்டுவாடா.