பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு ஒரு நேரசூசி

அன்புவழிபுரத்திற்குத் திரும்பியுள்ள உங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அனுமதி கிடைத்திருக்கலாம். வீடு திருத்தும் வேலையும் பதிவு அலுவல்களும் படிப்பைக் குழப்பாதிருக்க, முதல் வாரத்திலேயே எல்லோரும் சேர்ந்து நேரசூசி ஒன்றை எழுதுங்கள்.

1. விரிவுரை, செய்முறை வகுப்பு நேரங்களை முதலில் குறியுங்கள். கோணேசபுரிக்குப் போய்வரும் பஸ் நேரத்தையும் சேருங்கள்.

2. வரவைக் கணக்கிடுங்கள். பரீட்சை எழுதப் பொதுவாக 80 வீத வரவு தேவை. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 15 வாரங்களில் 45 மணி நேர விரிவுரை என்றால், தவறக்கூடியது 9 மணி நேரம் மட்டுமே. அதாவது, மூன்று வார வகுப்பு. அதைக் காய்ச்சல், மரணவீடு போன்றவற்றுக்கு வைத்திருங்கள்.

3. பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் பிள்ளையே போகவேண்டுமானால், விரிவுரை இல்லாத நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். மற்ற நாட்களில் வீட்டில் வேறொருவர் போகட்டும்.

4. வீட்டுக்கு மின்சாரம் இன்னும் வரவில்லையா? இரண்டு விரிவுரைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை நூலகத்தில் படிப்பதற்கு ஒதுக்குங்கள்.

எழுதிய நேரசூசியை எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டுங்கள். பிள்ளையை ஒரு வேலைக்கு அனுப்புமுன் அதை ஒருமுறை பாருங்கள்.