கோட்டையில் ஒரு குடித்தனம்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளேர் கோட்டையை ‘டவுன்டன் ஆபி’ தொடர் வழியாகப் பலரும் பார்த்திருப்பார்கள். கார்னார்வன் பிரபுக்களும் அவர்களுடைய முன்னோரும் 1679 முதல் அந்த இடத்தை ஆண்டுவருகிறார்கள். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பாரிதான் 1840-களில் மாளிகைக்கு இன்றைய தோற்றத்தைக் கொடுத்தார். ஒரே குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால், இத்தகைய கட்டடங்களைக் காப்பதற்கு அதில் ஒரு குடும்பம் வாழ்வதே சிக்கனமான வழி. சுற்றியுள்ள நிலம் கையைவிட்டுப் போகாதவரை.

பழைய கல் கட்டடத்தின் முதல் எதிரி தண்ணீர். கூரையில் ஓர் ஓடு நழுவினாலோ, ஈயத் தகடு பதித்த நீர்த்தாரையை இலைச் சருகு அடைத்தாலோ மழைநீர் சுவருக்குள் இறங்கி உத்தரத்தின் முனையை நனைக்கும். ஈரம் தங்கிய மரத்தில் பூஞ்சை பிடித்து, வெளியே தெரிவதற்குள் உள்ளே உளுத்துவிடும். உடனே கவனித்தால் ஓர் ஏணியும் ஓர் ஆளும் போதும். விட்டுவிட்டால் கூரையையே பிரிக்க வேண்டிவரும். விரிசலைச் சிமென்ட்டால் பூசுவதும் கேடுதான்: சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துக் கல்லைப் பொரியவைக்கும். எந்த மூலையில் கறை படர்கிறது என்பது அங்கேயே உண்டு உறங்குகிறவர்கள் கண்ணில்தான் முதலில் படும். சம்பள ஆட்களும் இதைச் செய்யலாம். ஆனால், பேரப்பிள்ளைகள் காலத்தை எண்ணி இன்று ஓக் கன்று நடும் அக்கறை வேலை ஒப்பந்தத்தில் வருவதில்லை.

அக்கறை மட்டும் கூரை வேய்ந்துவிடாது. விளைநிலமும் குத்தகையும்தான் இந்த மாளிகைகளுக்குச் சோறு போட்டன. 1894-இல் வந்த மரணச் சொத்து வரியின் உச்ச விகிதம் 1949-இல் 80 சதவீதத்தைத் தொட்டது. வரி கட்ட நிலத்தை விற்றார்கள். வருமானம் இல்லாத வீடு மிஞ்சியது. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடிபட்டன. ஹைகிளேரிலும், துட்டன்காமன் கல்லறை அகழ்வுக்குப் பணம் கொடுத்த ஐந்தாம் கார்னார்வன் பிரபு 1923-இல் இறந்தபின், அவர் சேர்த்த எகிப்தியப் பொருட்கள் 1926-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டன. 2009 வாக்கில் ஹைகிளேரின் மேல்மாடி அறைகள் பல ஒழுகிப் பாழாகிக் கிடந்தன. படப்பிடிப்பும் பார்வையாளர் கட்டணமும் அவற்றைச் சீராக்கக் கைகொடுத்தன.

செல்வந்தர்களுக்கு வரிச் சலுகையா என்பது வலுவான ஆட்சேபம். பிரிட்டனில் பாரம்பரியக் கட்டடத்துக்கு வாரிசு வரி விலக்கு நிபந்தனையோடுதான் கிடைக்கிறது: ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும், மக்களை உள்ளே விட வேண்டும், தவறினால் வரி பாயும். அரசோ அறக்கட்டளையோ எடுத்துக்கொண்டாலும் செலவு குறையாது. நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைகூட ஒரு வீட்டை ஏற்கும்முன் அதன் பராமரிப்புக்கு நிதி இருக்கிறதா என்று பார்க்கிறது. இந்த மாளிகைகள் குத்தகைக்காரர்களின் வியர்வையிலும் கொத்தர்களின் கைத்திறனிலும் எழுந்தவை. எனவே கதவைத் திறந்துவைப்பது பிரபுவின் பெருந்தன்மை அல்ல, கடமை. அந்தக் கடமையைத் தட்டாமல் செய்கிற குடும்பத்தை அங்கேயே வாழவிடுவதுதான் கட்டடத்துக்கும் மக்களுக்கும் நல்லது.