பூஸ்டர் வாங்குமுன் கோபுரத்தையும் நினைக்க வேண்டும்

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கோ மடுல்சீமைக்கோ செல்லும் பஸ் வண்டியில் பயணம் செய்தவர்கள் அறிவார்கள்: ஒரு வளைவில் தெளிவாகக் கேட்ட குரல் அடுத்த வளைவில் அறுந்துபோகும். 2036 மீற்றர் உயரமான நமுனுகுலையும் அதன் கிளைத்தொடர்களும் வானொலி அலைகளின் பாதையில் எழுப்பப்பட்ட சுவர்களாகவே நிற்கின்றன. வீதியில் ஓரளவேனும் கிடைக்கும் சமிக்ஞை கட்டடத்துக்குள் நுழைந்ததும் மேலும் மெலிந்துவிடுகிறது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பெற வாடிக்கையாளர் கடை வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. அட்டை மூலம் பணம் பெறும் கருவிகளும் பெரும்பாலும் சிம் அட்டையிலேயே இயங்குவதால், வியாபாரமே சில வேளைகளில் தடைப்படுகிறது.

இந்நிலையில் கடை உரிமையாளர்களும் விடுதி நடத்துவோரும் தொழிற்சாலை நிர்வாகத்தினரும் 'பூஸ்டர்' எனப்படும் சமிக்ஞைப் பெருக்கியை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் அவர்களில் பலர் தொலைக்காட்சி அன்டெனா வாங்குவது போன்றே இதனைக் கருதுகின்றனர். தொலைக்காட்சி அன்டெனா அலைகளைப் பெற மட்டுமே செய்யும். அது பழுதானால் நட்டம் வீட்டுக்காரருக்கு மாத்திரமே. பெருக்கியோ அலைகளைப் பெறுவதோடு வெளியிடவும் செய்கிறது. அது பழுதானால் ஊர் முழுவதற்கும் கேடு.

அதன் அமைப்பு எளிமையானது. கூரைமேல் உள்ள அன்டெனா கோபுரத்தின் சமிக்ஞையைப் பற்றுகிறது. கம்பி வழியே வரும் அதனை ஒரு பெட்டி பலமடங்கு பெருக்க, உள்ளே பொருத்தப்பட்ட மற்றோர் அன்டெனா அதனைப் பரப்புகிறது. உள்ளே பேசுபவரின் குரல் இதே வழியில் திரும்பிக் கோபுரத்தை அடைகிறது. இதிலிருந்து ஓர் உண்மை தானாகவே பெறப்படும். பெருக்கி சமிக்ஞையை உற்பத்தி செய்வதில்லை. கூரையில் ஒன்றும் இல்லாவிடின் எத்தனை இலட்சம் ரூபா கொடுத்து வாங்கினாலும் உள்ளேயும் ஒன்றும் இராது.

ஆகவே முதற்பணி அளத்தல். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். அவை தொலைபேசிக்குத் தொலைபேசி வேறுபடும். அன்ட்ரொய்ட் தொலைபேசியின் அமைப்புகளில் சிம் நிலை என்னும் பகுதியில் சமிக்ஞையின் வலு ஓர் எதிர்மறை எண்ணாகக் காட்டப்படும். 4ஜி சேவையில் -85 நல்லது. -115 ஏறத்தாழப் பயனற்றது. இவ்வளவையில் மூன்று அலகு குறைந்தால் வலு பாதியாகும். முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகும். கூரையின் நான்கு மூலைகளிலும் கட்டடத்தின் ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு நிறுவனத்தின் சிம் அட்டையையும் இட்டுக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மலைநாட்டில் கூரையின் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் உள்ள வேறுபாடு ஆச்சரியம் தரும்.

இங்கே தேயிலைத் தொழிற்சாலைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1890 இல் லிப்டன் கட்டிய தம்பதென்னைத் தொழிற்சாலை முதலாக, கொழுந்து வாட்டும் மேல்மாடிகளைக் கொண்ட இந்த நெடிய கட்டடங்கள் மலையகத்தின் அடையாளங்கள். அவற்றுட் பலவற்றின் கூரையும் சுவர்களும் தகரத்தால் ஆனவை. உலோகத் தகட்டைக் கடந்து வானொலி அலை செல்லாது. சன்னல்கள் வழியாகக் கசிவதே உள்ளே கிடைக்கும். கொங்கிரீட் கட்டடத்தைவிட இவை கொடியவை. எனினும் இதே தகரம் பெருக்கி பொருத்துபவருக்கு நண்பனாகவும் அமைகிறது. காரணம் வருமாறு.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒலிவாங்கியைக் கொண்டுபோனால் 'கூ' என்று காது கிழிய ஓர் ஓசை எழும். பெருக்கியிலும் அதுவே நிகழும். உள் அன்டெனா பரப்புவதை வெளி அன்டெனா மீண்டும் பற்றினால் அது சுற்றிச் சுற்றிப் பெருகி, கருவி இடைவிடாது அலறத் தொடங்கும். இந்த அலறல் நம் காதுக்குக் கேட்பதில்லை, கோபுரத்துக்குக் கேட்கும். இரு அன்டெனாக்களுக்கும் இடையிலான தடுப்பு, கருவியின் பெருக்கத்தைவிடக் குறைந்தது 15 டெசிபலாவது அதிகமாக இருக்க வேண்டும். தகரக் கூரைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைத்தால் இத்தடுப்பு எளிதிற் கிடைக்கும். ஓடு வேய்ந்த, பலகைத் தட்டுப் போட்ட சிறு கடைகளிலேதான் ஆபத்து அதிகம்.

கோபுரத்தின் வேலை, பல மைல் தொலைவிலுள்ள தொலைபேசிகளின் நலிந்த குரலைக் காது கொடுத்துக் கேட்பது. நகரத்துக் கடையொன்றின் தரமற்ற பெருக்கி அதன் காதருகே இரைந்துகொண்டிருந்தால், முதலில் தொடர்பு இழப்பவர் கடைக்காரர் அல்லர். எல்லையில், மலைச்சரிவின் லயத்தில், ஒரேயொரு கோட்டோடு தொலைபேசியை வைத்திருக்கும் தொழிலாளியே முதலில் இழப்பார். தம் தொலைபேசி ஏன் வேலை செய்யவில்லை என்பது அவருக்கு என்றும் தெரியவராது.

இது வெறும் வசதிக் குறைவு அன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண் மூடியதை ஊவா மக்கள் மறக்கவில்லை. மழை அளவைக் கொண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையும், 117 என்ற அனர்த்த முகாமைத்துவ இலக்கத்துக்கான அழைப்பும் இன்று பெரிதும் கையடக்கத் தொலைபேசியையே நம்பியுள்ளன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது, மின்சாரமும் இழைவடங்களும் துண்டிக்கப்பட்டு மலையகத்தின் பல பகுதிகள் தொடர்பை இழந்தன. இயற்கை செய்வது போதாதென்று நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டுமா?

சட்டத்தின் நோக்கமும் இதுவே. அலைவரிசைகள் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வானொலி அலை வெளியிடும் கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிக்கு உட்பட்டவை. இணையத்தில் மலிவாகக் கிடைப்பது அனுமதிச் சான்று ஆகாது. இந்தியாவில் தனியார் இவற்றை வாங்குவதும் பொருத்துவதும் சட்டவிரோதம் என 2022 ஜனவரியில் அந்நாட்டுத் தொலைத்தொடர்புத் துறை எச்சரித்தது. பிரித்தானியா 2018 இல், அலறலைத் தானே உணர்ந்து அடங்கும் வகைக் கருவிகளுக்கு மாத்திரம் இடமளித்தது. இந்தத் தன்னடக்க ஏற்பாடு இல்லாத கருவியை இலவசமாகத் தந்தாலும் ஏற்கலாகாது.

எனவே கடை உரிமையாளர் முதலில் அணுக வேண்டியது விற்பனையாளரை அன்று, சேவை வழங்கும் நிறுவனத்தை. பெரிய விடுதிக்கோ வங்கிக் கட்டடத்துக்கோ நிறுவனமே உள்ளக அன்டெனாக்களைப் பொருத்தித் தருவதுண்டு. டயலொக், எஸ்.எல்.டி. மொபிடெல், ஹட்ச் ஆகிய மூன்றின் வாடிக்கையாளர்களும் வரும் இடமெனில் மூன்றின் இணக்கமும் தேவை. ஒரு நிறுவனத்தின் கோபுரம் மிக அருகில் இருந்தால், அதன் பலத்த சமிக்ஞையே பெருக்கியை நிரப்பிவிட்டு மற்ற இரண்டின் மெல்லிய சமிக்ஞைகளை அமுக்கிவிடும் என்பதையும் கேட்டறிய வேண்டும். கட்டடத்துக்குக் கம்பிவழி இணையம் ஏற்கெனவே இருப்பின், வைஃபை வழி அழைப்பு வசதி கிடைக்குமா என்று விசாரிப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவு.

அனுமதியோடு பொருத்துவதானால் பெட்டியின் விலையைவிடக் கம்பியின் தரத்தைக் கவனிப்பது நன்று. மெல்லிய கம்பி 20 மீற்றர் சென்றாலே, கூரையில் பிடித்த வலுவில் பத்தில் ஒன்பது பங்கு வழியில் தொலையும். தடித்த கம்பியில் பாதியாவது மிஞ்சும். இடைப்பருவ காலத்தில் பிற்பகல்தோறும் இடி முழங்கும் இம்மாவட்டத்தில், கூரை அன்டெனாவுக்கு இடிமின் காப்பும் நிலத்தொடுப்பும் இன்றியமையாதவை. மின்வெட்டின்போது இயங்க ஒரு மின்கலமும் வேண்டும். கோபுரமே இருளில் மூழ்கினால் அதுவும் பயன்படாது.

தொழிற்சாலைக்குள் பெருக்கி வந்தாலும், கீழே உள்ள லயங்களுக்கு அதனால் எதுவும் எட்டாது. 2021 இல் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, லுணுகலைப் பகுதி மாணவர்கள் இணைய வகுப்புக்காகக் காட்டு மரமொன்றின் மேல் அமைந்த பரணில் ஏறியமர்ந்ததை உலகச் செய்தி நிறுவனங்கள் படமெடுத்து வெளியிட்டன. அவ்வாண்டிலேயே கிராமங்களுக்கு 4ஜி கோபுரங்கள் அமைக்கும் அரச திட்டம் இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. கூரையிலும் மாடிகளிலும் அளந்த அதே தொலைபேசியோடு லயங்கள் வரை ஒருமுறை நடந்து, இடமும் எண்ணும் திகதியும் குறித்த பட்டியலை ஆணைக்குழுவுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் அனுப்புவது ஒரு தோட்ட நிர்வாகத்துக்கு அரை நாள் வேலை. கோபுரம் கேட்டு எழுதும் வெறுங்கடிதத்தைவிட அத்தகைய பட்டியலை ஒதுக்கிவைப்பது அதிகாரிகளுக்குக் கடினம்.