கதவை இப்போது மாற்றுவதா, பொறுப்பதா?

மீள்குடியேறிய கிராமங்களில் வீட்டுத் திட்ட வீடுகள் பலவற்றுக்குக் கதவு போட்டுப் பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் போடப்பட்டது. அத்திவாரம், சுவர், கூரை என்று பணம் முடிந்த பின்னரே கதவு, யன்னல் என்ற பேச்சு வந்தது. கையில் மிஞ்சிய காசுக்குக் கிடைத்த மரத்தில்தான் பலர் கதவு போட்டார்கள். அந்தக் கதவுகளை இன்று கறையான் தின்றுகொண்டிருக்கிறது.

அண்மைக் காலமாக நான் போகும் கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான். முல்லைத்தீவு மாவட்டத்தில் இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியே வாழும் ஓர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார்: "தங்கச்சி, சாமானெல்லாம் ஏறிக்கொண்டே போகுது. இப்ப செய்யாட்டி இனிச் செய்யேலாது எண்டு எல்லாரும் சொல்லினம். கடனெடுத்தாவது கதவைப் போடட்டோ?" அவர் இரவில் பின்கதவுக்கு உரலை உருட்டி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். நாய் குரைத்தால் அதற்குப் பிறகு நித்திரை இல்லை. ஆண் துணையில்லாத வீட்டில் கதவு என்பது மரமும் பூட்டும் மட்டுமல்ல என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் அவருடைய கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இன்று இரவு பாதுகாப்பாக நித்திரை கொள்வது எப்படி? மற்றது, புதுக் கதவுக்கான காசை எப்போது, எந்த வழியில் செலவழிப்பது? இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான் நாம் அவசரப்பட்டுக் கடனில் விழுகிறோம்.

முதலில் விலையைப் பற்றிப் பார்ப்போம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்குப் போனது. இரும்பு, தகரம், பூட்டு, பிணைச்சல், வர்ணப்பூச்சு என்று வெளிநாட்டிலிருந்து வரும் பொருட்களும், வெளிநாட்டு மூலப்பொருளில் செய்யப்படும் பொருட்களும் ஒரேயடியாக ஏறின. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் விற்ற சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. அந்த வருடம் செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. "இன்னும் ஏறும்" என்ற பயத்தில் அந்த நேரம் கடன்பட்டுப் பொருள் வாங்கியவர்கள் உண்டு. பின்னர் என்ன நடந்தது? 2024ஆம் ஆண்டின் இறுதியில் டொலர் 300 ரூபாவுக்குக் கீழே வந்தது. சீமெந்தும் அந்த உச்சத்திலிருந்து இறங்கியது. உச்ச விலையில் வாங்கியவர்களுக்குக் கடன் மட்டும் இறங்கவில்லை.

இங்கே இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 2023 யூலையில் பணவீக்கம் 6.3 வீதத்துக்கு இறங்கியது. அப்படியென்றால் சாமான்கள் பழைய விலைக்கு வந்துவிட்டன என்பது அர்த்தமல்ல. ஏறுகிற வேகம் குறைந்தது என்பதே அர்த்தம். இறக்குமதிப் பொருளின் விலை டொலரோடு ஏறி இறங்கக்கூடும். தச்சர் கூலியும் லொறி வாடகையும் ஒருமுறை ஏறினால் இலகுவில் இறங்குவதில்லை. ஆகவே "பழைய விலை வரட்டும்" என்று காத்திருப்பதும் சரியல்ல, "நாளைக்கு இரட்டிப்பாகும்" என்று ஓடுவதும் சரியல்ல. நாளைய விலை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கடனுக்கு எவ்வளவு வட்டி என்பதை இன்றே கேட்டறியலாம். கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த அக்காவோடு திண்ணையில் இருந்து கொப்பியில் போட்ட கணக்கு இது. கதவும் நிலையும் சேர்த்து 60,000 ரூபா என்று தச்சர் சொல்லியிருந்தார். ஒரு வருடத்தில் விலை 15 வீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 69,000 ரூபா. பொறுத்ததால் வரும் நட்டம் 9,000 ரூபா. அதே 60,000 ரூபாவை மாதம் 3 வீத நிலையான வட்டிக்கு ஒரு வருடத் தவணையில் எடுத்தால் வட்டி மட்டும் 21,600 ரூபா. மாதக் கட்டுப்பணம் 6,800 ரூபா. அந்த 6,800 ரூபாவைக் கடன்காரருக்குக் கட்டாமல் தன்னுடைய வங்கிப் புத்தகத்தில் மாதாமாதம் போட்டால், பத்தாவது மாதம் கையில் 68,000 ரூபா இருக்கும். விலை சீராக ஏறினால் அந்த நேரம் கதவின் விலையும் 67,500 ரூபா அளவில்தான் இருக்கும். "அப்ப பத்து மாசம் பொறுத்தால் கடனில்லாமல் கதவு" என்று அக்காவே சொன்னார்.

நகையை அடகு வைத்தாலும் இதே கணக்குத்தான். வருடத்துக்கு 18 வீத வட்டியென்றால் 60,000 ரூபாவுக்கு 10,800 ரூபா. விலையேற்றத்தால் வரும் நட்டத்தைவிட இது பெரிது. மீட்க முடியாமற் போனால் நகையும் இல்லை. விலை ஏறும் வீதமும் கடன் வட்டி வீதமும் ஒரே காலத்துக்கு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வட்டி கூடவென்றால் கடனெடுத்து விலையை முந்த முடியாது. நுண்கடன் சுமை எங்கள் பெண்களை எவ்வளவு வருத்தியதென்றால், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணத் திட்டம் கொண்டுவர நேர்ந்தது. அந்த அனுபவத்தை மறக்கக்கூடாது.

ஆனால் பாதுகாப்பைப் பத்து மாதம் ஒத்திவைக்க முடியாது. அதனால் முதல் வேலை, தச்சரைக் கூப்பிட்டு நிலையையும் பலகையையும் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்வது. முழுக் கதவும் போய்விட்டதா, கீழ்ப்பகுதி மட்டுமா? அந்த அக்காவின் வீட்டில் நிலை உறுதியாக இருந்தது. பலகையின் கீழ்ப்பகுதிதான் உக்கியிருந்தது. உக்கியதை வெட்டி, புதுப் பலகைத் துண்டு பொருத்தி, வெளிப்புறம் தகரம் அடித்து, உள்ளே மேலும் கீழும் இரண்டு தடித்த தாழ்ப்பாள் போட்டார்கள். செலவு சில ஆயிரம் ரூபாவோடு முடிந்தது. உரல் பழைய இடத்துக்குப் போனது.

புதுக் கதவுக்குக் காசு சேரும் காலத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. பிணைச்சல், பூட்டு, ஆணி போன்றவை பழுதாகாதவை. கையில் காசு உள்ள மாதத்தில் ஒவ்வொன்றாக வாங்கி வைக்கலாம். சீமெந்தை அப்படி வாங்கி வைக்க வேண்டாம். ஈரக்காற்றுப் பட்டு இரண்டு மூன்று மாதத்தில் பலம் குறைந்து கட்டிபட்டுவிடும். வளவில் நிற்கும் மரத்தைப் பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். பனை, பலா தறிப்பதற்கும் மரத்தை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி தேவை.

குறைந்தது இரண்டு பேரிடமாவது கொட்டேசன் எழுத்தில் வாங்குங்கள். நீள அகலம், மரத்தின் பெயர், கூலி, எந்தத் திகதி வரை அந்த விலை செல்லும் என்பவை அதில் இருக்க வேண்டும். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முழுக் காசையும் வேலை தொடங்கமுன் கொடுக்காதீர்கள்.

காலமும் முக்கியம். மாரியில் ஈர மரத்தில் செய்த கதவு, கோடையில் சுருங்கி இடைவெளி விடும். குடிபூரல் அதிகமுள்ள தை, வைகாசி, ஆவணி மாதங்களில் தச்சர்மாரைப் பிடிப்பதே கஷ்டம். ஆடி மாதத்தில் வெயிலும் இருக்கும், வேலையும் குறைவாக இருக்கும். கூலியைப் பேசித் தீர்க்கலாம்.

ஒரே கிராமத்தில் நாலைந்து வீடுகளுக்குக் கதவு தேவையென்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசிச் சேர்ந்து செய்யுங்கள். லொறி வாடகை பங்கிடப்படும். மொத்தமாக எடுக்கும்போது கடைக்காரரும் குறைத்துக் கொடுப்பார். தனியே நிற்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லும் விலையை ஐந்து பெண்கள் சேர்ந்து நிற்கும்போது சொல்ல யோசிப்பார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது கதவின் அளவையும், தச்சர் சொன்ன விலையையும், மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். யாராவது கடன் தருகிறோம் என்று படலைக்கு வந்தால், கையெழுத்து வைக்கமுன் அந்தத் தாளை எடுத்துக் கணக்கைப் பாருங்கள்.