வந்திறங்கும் ஊர்

புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூனின் வடக்குப் பக்கம், ஊசுட்டேரியைத் தாண்டி சேதராப்பட்டு வழியில் போனால் துத்திப்பட்டு. செம்மண் பூமி. ஒருபுறம் தொழிற்பேட்டை, ஷிப்டு மாறும் நேரத்தில் சாலை முழுக்க சைக்கிளும் பைக்குமாக இருக்கும். இன்னொருபுறம் சீகெம் கிரிக்கெட் மைதானம். 2023-ல் தியோதர் கோப்பைப் போட்டிகள் புதுச்சேரியில் நடந்தபோது நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் சில நாள் ஆடிவிட்டுப் போய்விட்டார்கள். நான் சொல்ல வந்தது, அதற்கு ஐந்து வருஷம் முன்பிருந்தே இங்கு வந்து பருவம் முழுக்கத் தங்குகிறவர்களைப் பற்றி.

2018-19 பருவத்தில் ரஞ்சி கோப்பையில் ஒன்பது அணிகளைச் சேர்த்தார்கள். புதுச்சேரி அதில் ஒன்று. வெளிமாநிலத்து ஆட்டக்காரர்கள் மூன்று பேர்வரை ஓர் அணி வைத்துக்கொள்ளலாம் என்பது இந்திய கிரிக்கெட் வாரியத்தின் விதி. அப்படித்தான் மும்பையிலிருந்து அபிஷேக் நாயரும், ராஜஸ்தானிலிருந்து வேகப்பந்து வீச்சாளர் பங்கஜ் சிங்கும், இமாச்சலத்துப் பாலம்பூரிலிருந்து பாரஸ் டோக்ராவும் வந்தார்கள். அடுத்த பருவத்தில் வினய் குமார் வந்தார். 2013-14, 2014-15 என அடுத்தடுத்து இரண்டு முறை ரஞ்சி கோப்பையைத் தூக்கிய கர்நாடக அணியின் கேப்டன். உள்ளூர்ப் பையன்களுக்கு இடம் எங்கே என்ற மனக்குறை புதுச்சேரியில் அன்றிலிருந்து இருக்கிறது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேறொன்று தோன்றும். பாலம்பூர்க்காரருக்குக் கண் திறந்தால் பனிமலை. இங்கே கடல் காற்றின் பிசுபிசுப்பு, புரியாத பாஷை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. புதுச்சேரி அணி அப்போது பிளேட் என்ற கீழ்ப் பிரிவில் இருந்ததால், எதிராளிகளில் பெரும்பாலும் மிசோரம், சிக்கிம், நாகாலாந்து என்று வடகிழக்கு அணிகள். அட்டவணையில் 'உள்ளூர் ஆட்டம்' என்று போட்டிருப்பதும் அவருக்கு வெளியூர் ஆட்டம்தான். நாடு விட்டு நாடு போனால்தான் வீட்டு நினைப்பு வரும் என்று யார் சொன்னது?

வந்து இறங்குவது இந்த மண்ணுக்குப் புதுசு. புறப்பட்டுப் போவதுதான் இதற்குப் பழக்கம். 19-ம் நூற்றாண்டில் ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் என்று கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிய கப்பல்கள் புதுச்சேரியிலிருந்து கிளம்பின. பிறகு பிரெஞ்சுப் பட்டாளம். 'சொல்தா' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அவர்கள்தான். சைகோனுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனார்கள். வில்லியனூரில் தேர் ஓடுகிறபோதும், ஈஸ்டர் முடிந்து மாதா கோயில் கொடியேறுகிறபோதும், போன மகன் இல்லாத வீடுகள் இருந்தன. கடிதம் கப்பலில் வரும். அது வந்து சேரும்போது அதில் எழுதியிருந்த காய்ச்சல் ஆறியிருக்கும், அல்லது ஆள் போயிருப்பார். இதே கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள்; 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் பலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு கடல் தாண்டினார்கள். அன்றைக்குப் போனவர்கள் ஆட்டக்காரர்கள் இல்லை. ஆனால் சம்பளத்துக்காகத் தூர தேசத்தில் உடம்பைக் கொடுத்து உழைப்பது என்ற அளவில் இருவர் பிழைப்பும் ஒரே ஜாதி.

அந்தக் காலத்தில் ஆட்டத்துக்காகவே கப்பலேறிய ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் கல்கத்தாவுக்குப் போக வேண்டும். முகமது சலீம். 1934-லிருந்து கல்கத்தா கால்பந்து லீக்கைத் தொடர்ந்து வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அணியில் ஆடியவர். பூட்ஸ் கிடையாது, வெறுங்காலில் துணிக்கட்டு. 1936-ல் உறவினர் ஒருவர் பேச்சைக் கேட்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போய், செல்டிக் கிளப்பின் வாசலில் நின்றார். வெறுங்காலோடு ஆட விட்டார்கள். இரண்டு ஆட்டம்: ஹாமில்டனுக்கு எதிராக 5-1, கால்ஸ்டனுக்கு எதிராக 7-1. பத்திரிகைகள் கொண்டாடின. கிளப் ஒரு பருவம் இருந்துவிட்டுப் போகச் சொன்னது. சலீம் மாட்டேன் என்றார். ஊர் ஞாபகம் தாங்கவில்லை, கப்பலேறி வந்துவிட்டார். அவ்வளவுதான் கதை. யாரும் அவரைக் கோழை என்று சொன்னதாகத் தெரியவில்லை. பல ஆண்டு கழித்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மகன் செல்டிக்குக்கு எழுதினார்; அவரை இன்னும் நினைவிருக்கிறதா என்று பார்க்கத்தான். நூறு பவுண்டுக்கு வரைவோலை வந்தது. மகன் அதை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டார். சலீம் 1980-ல் காலமானார்.

எண்பத்து நான்கு வருஷம் கழித்து அதே கிளாஸ்கோவுக்கு, செல்டிக்கின் பரம எதிரியான ரேஞ்சர்ஸ் கிளப்புக்கு ஒரு பெண் போனார். மணிப்பூரின் பாலா தேவி. 2020 ஜனவரியில் 18 மாத ஒப்பந்தம், பத்தாம் எண் சட்டை. ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியக் கால்பந்து வீராங்கனை. மார்ச்சில் கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்தியது. சலீம் பிடித்தது மாதிரி ஊருக்குக் கப்பல் பிடிக்க முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் தன் முதல் கோலை அடித்தார். அவர் கையில் போன் இருந்தது. வீட்டு முகங்களைத் தினம் பார்த்துக்கொள்ளலாம். சலீமுக்கு அது இல்லை. யாருக்கு வசதி என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடுவோம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நம்ம சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவர் துபாய்ப் பக்கம் ஐ.பி.எல். ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அப்படியே ஆஸ்திரேலியா, வலைப்பயிற்சிக்குப் பந்து போடும் ஆளாக. டிசம்பரில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர், ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட்: ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். ஊர் திரும்பியபோது சாரட்டு வண்டியில் ஊர்வலம் விட்டார்கள். மகளைக் கையில் தூக்கியது அதற்குப் பிறகுதான். அதே பயணத்தில் ஹைதராபாத் முகமது சிராஜுக்கு வந்தது வேறு செய்தி. ஆட்டோ ஓட்டி மகனை ஆளாக்கிய அப்பா நவம்பர் 20 அன்று இறந்துபோனார். செய்தி உடனே வந்துவிட்டது. ஆனால் தனிமைப்படுத்தலில் இருந்தார். போகிறாயா என்று வாரியம் கேட்டது. இருக்கிறேன் என்றார். சிட்னியில் தேசிய கீதம் பாடும்போது அவர் அழுததை நாடே பார்த்தது.

சைகோன் சொல்தாவுக்கு அப்பா செத்தது தெரிய மாதங்கள் ஆகும். தெரியும்போது அழுவதற்கு அவனுக்கு ஓர் இடைவெளி இருந்தது. கூட இருந்தவர்களும் அப்படியே தூரத்தில் கிடந்தவர்கள். இன்றைக்கு மரணமும் பிறப்பும் நேரலையில் வருகின்றன. போக முடியாது என்பது மட்டும் மாறவில்லை. அதோடு, 'தினம் பேசிக்கொள்கிறாயே, அப்புறம் என்ன?' என்று கேட்க எல்லாருக்கும் வாய் கிடைத்துவிட்டது. தூரம் பெரிதாக இருந்தபோது ஏக்கத்துக்கு ஒரு சாக்கு இருந்தது. போன் அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டது.

வெளியே சொல்வதிலும் அதே இழுபறி. 2006-ல் இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் மார்க்கஸ் டிரெஸ்கோதிக் நம் நாட்டுப் பயணத்தின் நடுவில் வீடு திரும்பினார். ஏதோ வைரஸ் என்று டி.வி.யில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் கழித்து சுயசரிதை எழுதித்தான் மனச்சோர்வு என்று வெளிப்படையாகச் சொன்னார். ஸ்பெயினின் கால்பந்து ஆட்டக்காரர் ஹெசுஸ் நவாஸ் கதை இன்னும் விசித்திரம். செவில்லாவை விட்டுப் பயிற்சி முகாமுக்குப் போனாலே மூச்சு முட்டிப் பதறும் பையன். அதற்காகவே தேசிய அணியின் அழைப்பு தள்ளிப்போனது. மெள்ள மெள்ளப் பழகி, 2009-ல் ஸ்பெயினுக்கு ஆடி, 2010-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். பிறகு 2013-ல் மான்செஸ்டருக்கே போய் ஆடினார். அவரை யாரும் அடித்து விரட்டவில்லை, காத்திருந்தார்கள். அந்தப் பொறுமைதான் இதில் விஷயம் என்று நினைக்கிறேன்.

நம்மிடம் அந்தப் பொறுமை குறைவு. 2023 டிசம்பரில் இஷான் கிஷன் சொந்தக் காரணம் சொல்லி தென்னாப்பிரிக்கப் பயணத்திலிருந்து விலகினார். சில வாரத்தில், ரஞ்சி ஏன் ஆடவில்லை என்ற கேள்வியாக அது உருமாறியது. 2024 பிப்ரவரியில் வாரியத்தின் ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2025 ஜனவரியில் வாரியம் இன்னொரு விதி போட்டது: 45 நாளுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணம் என்றால் மனைவி, குழந்தைகள் ஒரு முறை வந்து இரண்டு வாரம்வரை தங்கலாம். ஆஸ்திரேலியாவில் தோற்று வந்த கையோடு போட்ட விதி. குடும்பம் கூட இருந்ததால்தான் கவனம் சிதறியது என்ற மாமியார் நியாயம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து விராட் கோலி அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். மோசமான நாள் முடிந்து அறையில் தனியாக உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க எந்த ஆட்டக்காரனும் விரும்பமாட்டான் என்கிற மாதிரி பேசினார். கோலி சொன்னால் நாடு காது கொடுக்கும்.

துத்திப்பட்டுக்கு வருகிறவர்கள் சொன்னால் யார் கேட்பார்கள்? அந்த நாள்கணக்கு விதி இந்திய அணிக்கு. மாநில அணிக்கு ஆட வந்த வெளியூர்க்காரருக்கு அந்தச் சண்டையில் இடமே கிடையாது. கிரிக்கெட் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. தீபாவளியும் பொங்கலும் அதற்குள்ளேயே வந்துபோகும். பெரும்பாலும் முப்பது தாண்டியவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள். பிள்ளைகளை இங்கே கூட்டி வந்தால் படிப்பு போகும், விட்டுவிட்டு வந்தால் வளர்வதைப் போனில் பார்க்க வேண்டும். ஆட்டம் நாலு நாள், அடுத்த ஆட்டம் நாட்டின் மறுகோடி, நடுவில் பயிற்சி. இவர்களுக்கு ஆளுக்கொரு மனநல ஆலோசகர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் நாலு நாள் இடைவெளி விழும்போது ஊருக்குப் போய்வர டிக்கெட் எடுத்துக் கொடுப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பீகார்க்காரர்கள் சத் பூஜைக்கு ரயிலில் நின்றுகொண்டாவது போய்விட்டு வருகிறார்கள்; கம்பெனிகள் முணுமுணுத்துக்கொண்டே லீவு கொடுக்கின்றன.